கொழுப்பே சாப்பிடாத எனக்கு ட்ரைகிளிசரைடு 220 எப்படி வந்தது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 41, பள்ளி ஆசிரியை, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. 22 வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் “பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து எண்ணெயை நிறுத்தியவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறார். காலையில் மூன்று இட்லியும் தாளிக்காத சாம்பாரும், இடையில் கொழுப்பு நீக்கிய பாலில் காபியும் நான்கைந்து மேரி பிஸ்கட்டும், மதியம் சோறு, ரசம், வேகவைத்த காய், மாலையில் பொரி, இரவில் எண்ணெய் தடவாத சப்பாத்தியும் முட்டையின் வெள்ளைக்கருவும் என்று ஒரு நாளின் உணவை எழுதியிருக்கிறார். தேங்காய், நிலக்கடலை, மஞ்சள் கரு, நெய் எதுவும் அவர் தட்டுக்கு வருவதில்லை. விருந்து வீட்டில் சாதத்தில் நெய் விட்டுவிட்டால், அது படிந்த இடத்தை மட்டும் கரண்டியால் சுரண்டி இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாராம்.

இப்போது முடி கொட்டுகிறது, தோல் வறண்டு வெடிக்கிறது, மாதவிடாய் 45 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது, வைட்டமின் டி குறைவு. இரவு பத்து மணிக்கு மேல் அடக்க முடியாத பசி வந்து வெல்லத்தை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார். இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 178, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 98, எச்டிஎல் 36, இரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 220. மருத்துவர் “நல்ல கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்து ஒரு ஸ்பூன் ஊற்றிய அன்று கை நடுங்கியது, சாப்பிட முடியாமல் அழுதேன் என்று எழுதுகிறார். உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர், மாவுச்சத்தை ஏறத்தாழ நிறுத்திவிட்டுக் கொழுப்பை மிகுதியாக உண்ணும் கீட்டோ முறை என்கிறார். மாமியார் தினமும் வெறும் வயிற்றில் நெய் குடி என்கிறார். இவை எல்லாவற்றையும்விட அவரை எழுத வைத்தது 14 வயது மகள். சென்ற மாதம் தோசையின் மேல் டிஷ்யூ காகிதத்தை வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டுச் சாப்பிட்டாளாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் தலைப்பிலேயே கேட்டிருந்தீர்கள்: “கொழுப்பே சாப்பிடாத எனக்கு ட்ரைகிளிசரைடு 220 எப்படி வந்தது?” இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தெளிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 220 எங்கிருந்து வந்தது

இரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு நாம் சாப்பிட்ட எண்ணெயிலிருந்து மட்டும் வருவதில்லை. உடலின் உடனடித் தேவைக்கு மேல் வந்து சேரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்துக்குள் அனுப்புகிறது. கொழுப்பை மிகவும் குறைத்து அந்த இடத்தை அரிசியும் கோதுமையும் பொரியும் பிஸ்கட்டும் நிரப்பும்போது ட்ரைகிளிசரைடு ஏறுவதும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் இறங்குவதும் மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்த விளைவுகள். ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழும், பெண்களுக்கு எச்டிஎல் 50-க்கு மேலும் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் தவறியிருக்கின்றன. ஆனால் நீங்கள் இத்தனை ஆண்டுகள் அஞ்சிய எல்டிஎல் நன்றாகவே இருக்கிறது. நம் நாட்டில் இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2025-இல் வெளியான ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வு, இந்தியர்கள் அன்றாடக் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று காட்டியது. உங்கள் பட்டியலைப் பார்த்தால் அந்த அளவையும் நீங்கள் தாண்டியிருப்பீர்கள். இரவு வெல்லமும் இதில் சேரும்.

220 என்பது பதறவேண்டிய எண் அல்ல. கணையத்துக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் அவசரப்படுவது 500-ஐத் தாண்டும்போதுதான். இருந்தாலும் உணவைக் குறை சொல்வதற்கு முன் வேறு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சர்க்கரை நோய் தொடங்கினாலும் ட்ரைகிளிசரைடு ஏறும். தைராய்டுக் குறைவு முடி கொட்டுவதற்கும் மாதவிடாய் தள்ளிப்போவதற்கும்கூடக் காரணமாகலாம். எனவே தைராய்டுக்கான டிஎஸ்எச், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபினோடு இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய பரிசோதனைகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மாதவிடாய்க்காக மகப்பேறு மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காதபோது மூளை முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் ஒன்று கருமுட்டை வெளியீடு. உங்கள் உயரத்துக்கு எடை சரியாக இருப்பதால் அப்படி இருக்காது என்று தள்ளிவிட முடியாது.

“எனக்குக் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது” என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் வலது விலாவுக்குக் கீழே ஒரு மணி நேரமாவது வலிக்கிறது, அதனால் கொழுப்பு என் உடம்புக்கு விஷம் என்று தெரிந்துகொண்டேன் என்று. சகோதரி, இந்தக் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான்.

பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடுவதற்கு உணவில் கொழுப்பு வேண்டும். பல ஆண்டுகள் கொழுப்பு மிகக் குறைவாகவே வந்தால் பித்தநீர் பைக்குள்ளேயே தேங்கிக் கெட்டியாகிக் கற்கள் உருவாக வாய்ப்பு அதிகமாகிறது. வேகமாக எடை குறைப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அப்படிக் கல் இருக்கிறவர் திடீரென்று எண்ணெய் மிகுந்த சாப்பாட்டைச் சாப்பிட்டால், நீங்கள் சொல்கிற அதே இடத்தில் வலிக்கும். அதாவது, கொழுப்பைத் தவிர்த்ததற்குக் காரணம் என்று நீங்கள் நினைத்த வலி, தவிர்த்ததன் விளைவாகவே இருக்கக்கூடும். கல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாரும் அதைச் சொல்ல முடியாது. வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே நான் சொல்லும் எதையும் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல் இருந்தால் எவ்வளவு கொழுப்பு, எந்த வேகத்தில் என்பதை அறுவை மருத்துவரைக் கலந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளாவதோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நான் ஏமாற்றப்பட்டேனா என்று கேட்கிறீர்கள்

முழுக்க ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன். ஓர் உண்மை பாதி வழியில் உருமாறி உங்களிடம் வந்து சேர்ந்தது. 1958-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஏழு நாடுகளின் உணவையும் இதய நோயையும் ஒப்பிடும் ஆய்வைத் தொடங்கினார். வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது என்பதே அவர் வலியுறுத்தியது. அதே ஆய்வில், ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகச் சாப்பிட்ட கிரீட் தீவினருக்கு இதய நோய் மிகக் குறைவாக இருந்தது. ஆனால் 1977-இலும் 1980-இலும் அமெரிக்க அரசு தரப்பில் உணவுப் பரிந்துரைகள் வந்து, உணவு நிறுவனங்கள் “கொழுப்பு இல்லை” என்று அச்சிட்டு விற்கத் தொடங்கியபோது, எந்தக் கொழுப்பு என்ற கேள்வி மறைந்து எல்லாக் கொழுப்பும் குற்றவாளி ஆகிவிட்டது. நம் ஊர் வார இதழ்களின் அழகுக் குறிப்புகள் வரை அந்த அலை வந்தது. நீங்கள் 22 வயதில் படித்தது அதைத்தான்.

அதன் பிறகு அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற ஏறத்தாழ 49,000 பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2006-இல் வந்தது. எட்டு ஆண்டுகளாகக் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடும்படி வழிகாட்டப்பட்டவர்களுக்கு இதய நோயோ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியாகி, முறைப் பிழைகள் திருத்தப்பட்டு 2018-இல் மறுபடியும் வெளியானது. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, ஆலிவ் எண்ணெயோ பருப்புக் கொட்டைகளோ சேர்த்து உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன என்பது அதன் முடிவு.

இதைப் படித்துவிட்டுக் கொலஸ்ட்ரால் என்பதே மருந்து நிறுவனங்களின் கட்டுக்கதை என்று காணொளி போடுகிறவர்கள் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். எல்டிஎல் அதிகமானால் இரத்தக் குழாய் அடைக்கும் என்பதும், நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பதும் இன்றும் உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலும் மொத்தக் கலோரியில் 30 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம், அதில் நிறைவுற்றது 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வனஸ்பதி போன்றவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றே சொல்கிறது. அந்த 30 உச்சவரம்பு. பூச்சியத்தை நோக்கிப் போகச் சொல்லும் வழிகாட்டுதல் அல்ல அது.

பூச்சியம் ஏன் கூடாது என்பதும் புதிய செய்தி அல்ல. 1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர், கொழுப்பை அறவே நீக்கிய உணவைக் கொடுத்து வளர்த்த எலிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்ததையும் வளர்ச்சி நின்றதையும் கண்டறிந்தார்கள். லினோலியிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் குடலிலிருந்து உடலுக்குள் செல்லவும் கொழுப்பு வேண்டும். வாரம் ஒருமுறை நீங்கள் எடுக்கும் வைட்டமின் டி மருந்தைக் காலையில் வெறும் வயிற்றில், கொழுப்பு நீக்கிய பாலில் போட்ட காபியோடு விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மதியச் சாப்பாட்டோடு, அதிலும் எண்ணெய் அல்லது முட்டை உள்ள சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மாற்றாமலே கூடுதல் பலன் கிடைக்கும். வெறும் தண்ணீரில் வேகவைத்து உண்ணும் முருங்கைக் கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் சத்தும் இப்படித்தான் பெரும்பகுதி வீணாகிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு, எந்த எண்ணெய்

உங்கள் வயது, எடை, வேலை ஆகியவற்றைப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1,750 கலோரி தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் நான்கில் ஒரு பங்கு கொழுப்பிலிருந்து வர வேண்டுமென்றால் ஏறத்தாழ 50 கிராம். இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குப் பகீர் என்றிருக்கும். எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். சமையலில் ஐந்து டீஸ்பூன் எண்ணெய் என்பது 22 கிராம் போல. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் 15 கிராம் இருக்கிறது. 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பால் 300 மில்லியில் 9 கிராம். ஒரு முழு முட்டையில் 5 கிராம். அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. நீங்கள் எழுதிய பட்டியலில் நான் தேடிப் பார்த்தவரை 15 கிராமைத் தாண்டவில்லை. அந்தச் சிறிய அளவில் ஒரு பங்கும், கொழுப்பு இல்லாதது என்று நம்பி நீங்கள் சாப்பிடும் மேரி பிஸ்கட்டிலிருந்து வருகிறது. பிஸ்கட் உறையைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் பாமாயில் இருக்கும்.

ஆலிவ் எண்ணெய் நல்லதுதான், ஆனால் அது உங்களுக்குத் தேவையில்லை. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல், எல்டிஎல்லை ஏற்றாத வகையான நிறைவுறாத கொழுப்புதான். அந்த விலையுயர்ந்த பாட்டிலைப் பார்த்தாலே நடுக்கம் வருகிறதென்றால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, உங்கள் அம்மா சமைத்த எண்ணெய்க்குத் திரும்புங்கள். ஒரே எண்ணெயைக் கட்டிக்கொள்ளாமல் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. தேங்காய் எண்ணெய் ஆலைகள் நிறைந்த காங்கேயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேங்காயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு; அது எல்டிஎல்லை ஏற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால் அன்றாடச் சமையல் எண்ணெயாக அது வேண்டாம். ஆனால் சட்னியிலும் பொரியலிலும் சேரும் துருவிய தேங்காய் நார்ச்சத்தோடு கொஞ்சமாக வருவது. உங்கள் எல்டிஎல் 98-ஆக இருக்கும்போது தினம் இரண்டு மேசைக்கரண்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

செக்கு எண்ணெய் கொழுப்பு குறைந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கலோரியும் கொழுப்பின் வகையும் ஒன்றுதான். செக்கு எண்ணெயில் மணமும் வைட்டமின் இ-யும் மிஞ்சும். அதே சமயம், பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் எண்ணெயோடு வந்துவிடும் என்பதால், கடலையைப் பார்த்துப் பொறுக்கி ஆட்டுகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். பாட்டிலில் “கொலஸ்ட்ரால் இல்லை” என்று போட்டிருப்பதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் என்றைக்குமே இருந்ததில்லை. உண்மையில் விலக்க வேண்டியவை வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், அவற்றில் செய்த பேக்கரிப் பண்டங்கள் ஆகியவைதான். 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் உணவுப் பொருளிலும் உள்ள கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. ஆனால் தெருமுனைக் கடையில் மறுபடி மறுபடி காயும் வாணலிக்கு எந்த உறையும் அச்சும் கிடையாது.

எங்கே தொடங்குவது

ஸ்கேன் சரியாக இருந்தால், முதல் இரண்டு வாரங்களுக்கு மூன்று மாற்றங்கள் மட்டும். சாம்பாரையும் காயையும் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் என்ற கணக்கில் எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். காபிக்குக் கொழுப்பு நீக்கிய பாலுக்குப் பதில் டோன்டு பால். ஆவின் நீலப் பாக்கெட் போதும். வெள்ளைக்கரு மட்டும் எடுக்காமல் ஒரு முழு முட்டை. மஞ்சள் கருவில் உள்ள கொலஸ்ட்ராலைப் பற்றி அஞ்சுவீர்கள். உடலின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது, உங்கள் எல்டிஎல் உள்ள நிலையில் நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினை அல்ல. இது உங்களுக்குச் சிறிய மாற்றமாகத் தோன்றினால் நல்லது. மலையாகத் தோன்றினால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் அதிலேயே நில்லுங்கள். வயிறு கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், மலம் இளகலாம். நீண்ட காலம் பழக்கமில்லாததால் வருவது, பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும்.

அதன் பிறகு இட்லிக்கு எள்ளுப்பொடியை நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள்; வாரத்தில் மூன்று நாள் தேங்காய்ச் சட்னி சேரட்டும். பதினொரு மணி பிஸ்கட்டும் மாலைப் பொரியும் இருந்த இடத்தில் வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ வர வேண்டும். இங்கேதான் உங்கள் ட்ரைகிளிசரைடுக்கான மருந்து இருக்கிறது: இருக்கிற மாவுச்சத்தின் மேல் கொழுப்பை ஏற்றாமல், மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அங்கே கொழுப்பையும் புரதத்தையும் வைப்பது. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் இருமுறை மத்தி அல்லது அயிலையைக் குழம்பாக வையுங்கள். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு அவற்றில் நிறைய. ஆளி விதையை வறுத்துப் பொடித்து ஒரு டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மீனுக்கு அது முழு ஈடாகாது.

அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி, பிறகு அடித்திருந்தீர்கள். ஒரு டீஸ்பூன் நெய் சுமார் 40 கலோரி, ஒரு சின்ன இட்லி அளவுதான். ஒரு மாதம் கழித்து, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாதம் சூடாக இருக்கும்போது விட்டுக்கொள்ளுங்கள். நல்ல கொழுப்புப் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் தொடுவேன் என்று இன்னொரு விரதத்தை நீங்கள் ஆரம்பித்துவிடக்கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கீட்டோவும் வெறும் வயிற்று நெய்யும்

இரண்டையும் வேண்டாம் என்கிறேன். கீட்டோ உணவால் ட்ரைகிளிசரைடு குறையும் என்பது உண்மைதான். பயிற்சியாளர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் சிலருக்கு எல்டிஎல் கடுமையாக ஏறிவிடுகிறது, பித்தப்பைச் சந்தேகம் உள்ள உங்களுக்கு ஒரே நாளில் அவ்வளவு கொழுப்பு ஆபத்து, எல்லாவற்றுக்கும் மேலாகச் சோற்றைக் கண்டு அஞ்சும் புதிய பழக்கத்தை அது உங்களுக்குக் கொடுத்துவிடும். இருபது ஆண்டுகள் ஒரு தடையோடு வாழ்ந்தவருக்கு எதிர்ப்பக்கத்துத் தடையைப் பரிந்துரைப்பதை நான் சிகிச்சை என்று ஏற்கமாட்டேன். அதோடு உணவு ஆலோசனை தருபவர் தானே பவுடர் விற்கிறவராகவும் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வில் தேறி ஆர்.டி. (பதிவு பெற்ற உணவியலாளர்) தகுதி பெற்றவர்களும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள். உங்கள் மாமியார் சொல்வதில் அன்பு இருக்கிறது. “வெறும் வயிற்றில் வேண்டாம் அத்தை, சாதத்தில் ஒரு ஸ்பூன் விடுங்கள்” என்று அவர் கையாலேயே விடச் சொல்லுங்கள்.

கை நடுங்கியது பற்றி

கொழுப்பு தேவை என்று அறிவுக்குத் தெரிந்த பிறகும் கை நடுங்கியது உங்களுக்கே விநோதமாக இருந்திருக்கும். எனக்கு அப்படி இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இது நடக்கிறது. தன்னை ஒழுக்கமானவள், கட்டுப்பாடு உள்ளவள் என்று இருபது ஆண்டுகள் நிரூபித்துக்கொள்ள உதவிய ஒன்றை விடச் சொன்னால் பயம் வரத்தான் செய்யும். இரவு வெல்லத்தை அள்ளுவதற்காக உங்களைத் “திருட்டுப் புத்தி” என்று திட்டிக்கொள்கிறீர்கள். 1944-45-இல் அதே ஆன்சல் கீஸ், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 திடகாத்திரமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதி வயிறு உணவு கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு ஏறத்தாழ 1,600 கலோரிதான். அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், வேறு எதிலும் மனம் செல்லவில்லை. பசித்த உடல் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். பகலில் போதிய கொழுப்பும் புரதமும் சேர்ந்தாலே இரவுப் பசி கணிசமாக அடங்கும். தாளிப்பைத் தொடங்கிய சில வாரங்களில் இதை நீங்களே கவனிப்பீர்கள்.

எடைக் கருவியை இப்போதைக்குப் பரண் மேல் வைக்கச் சொல்வேன். முதல் வாரங்களில் அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறி இறங்குவது நீரும் குடலில் உள்ள உணவும் செய்கிற வேலை. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக வேண்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 40 கலோரி. மெய்யாகவே ஓரிரு கிலோ கூடினாலும், அதனால் மாதவிடாய் சீரானால் அது உங்கள் உடல் கேட்ட எடை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாப்பிட்ட பின் வலிய வாந்தி எடுப்பது, மலமிளக்கி மாத்திரை போடுவது, ஒரு ஸ்பூன் கூடினால் அடுத்த வேளை பட்டினி கிடப்பது, யாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், உணவுப் பட்டியல் மட்டும் போதாது. அது உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல். மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ உடன் இருக்க வேண்டும். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் இலவசமாகத் தமிழில் பேசலாம். நீங்கள் இதைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதத் தயங்கியிருக்கக்கூடும் என்பதால் கேட்கிறேன்.

மகள்

அவள் டிஷ்யூ காகிதத்தை எடுத்தது உங்களால்தான் என்று எழுதி அழுதிருக்கிறீர்கள். கைபேசியும் வகுப்புத் தோழிகளும் பெண் உடலைப் பற்றிப் பேசாத நாளே இல்லாத காலம் இது. எல்லாப் பழியையும் நீங்கள் சுமக்க வேண்டாம். இருந்தாலும் வீட்டில் அவள் தினமும் பார்ப்பது உங்கள் தட்டைத்தான் என்பதால், மாற்றத்தையும் அங்கிருந்தே தொடங்க முடியும். அவளை உட்காரவைத்துக் கொழுப்பைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள், காகிதத்தைப் பிடுங்காதீர்கள். தனியாக இருக்கும்போது, “அம்மா ரொம்ப வருசமா எண்ணெய் சேர்க்காம இருந்தேன், அதனால எனக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு, டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்க, இப்பப் பழகிக்கிட்டு இருக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அவள் எதிரிலேயே, அவளுக்கு ஊற்றிய அதே தோசையை நீங்களும் சாப்பிடுங்கள். உங்கள் எடை, அவள் எடை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் எடை எதுவும் சாப்பாட்டு நேரத்தில் பேச்சாக வேண்டாம். பெண் பார்க்க வந்தவர்கள் போலப் பேசும் உறவினர் வீட்டுக்கு வந்தால், “அவ உடம்பப் பத்திப் பேச வேண்டாங்க” என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள்.

பதினான்கு வயதில் எலும்பும் இயக்குநீர்களும் வளர்கிற வேகத்துக்குக் கொழுப்பு அவசியம். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றாலோ, மயங்கி விழுந்தாலோ, எடை தொடர்ந்து குறைந்தாலோ, ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன் என்று ஒவ்வொரு வேளையும் தட்டிக்கழித்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். காகிதத்தால் ஒற்றுவது மட்டும்தான் என்றால் இரண்டு மாதம் பொறுத்துக் கவனியுங்கள்.

உங்களுக்கு ஸ்கேனும் டிஎஸ்எச் பரிசோதனையும் இந்த வாரத்திலேயே. கொழுப்பு அளவுகளை இப்போது மறுபடி பார்க்க வேண்டாம்; உணவு மாறிய மூன்று மாதம் கழித்து, முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமல், காலையில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். எல்டிஎல் 130-ஐத் தாண்டியிருந்தால் தேங்காயையும் நெய்யையும் குறைத்து, நல்லெண்ணெயையும் கடலையையும் அப்படியே வைத்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே வந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.